எண்களில் எழுந்த நகரங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில், உறவினர் வீட்டுச் சிறுவன் ஒருவன் கணினித் திரையில் நகரம் கட்டிக்கொண்டிருந்ததை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். சிம்சிட்டி என்னும் விளையாட்டு அது. பச்சைக் கட்டம் குடியிருப்பு, நீலக் கட்டம் வணிகம், மஞ்சள் கட்டம் தொழிற்சாலை. வரியை ஏற்றினால் மக்கள் வெளியேறுவர். சாலை போட்டால் திரும்பி வருவர். ஓரிடத்தில் வீடுகள் பாழடைந்து நிறம் மங்கியிருந்தன. சிறுவன் புல்டோசரைத் தேர்ந்தெடுத்து அவற்றை வரிசையாக அழித்தான். "அங்கே இருந்தவர்கள் எங்கே போவார்கள்?" என்று கேட்டோம். "வேற எங்கயாச்சும் போயிடுவாங்க மாமா" என்றான், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

அந்த விடை அவனுடையதன்று என்பது பின்னரே நமக்குத் தெரியவந்தது. 1989இல் அவ்விளையாட்டை வெளியிட்ட வில் ரைட், அதன் உள்ளியக்கத்துக்கு 1969இல் வெளிவந்த ஒரு நூலிலிருந்து கருத்துகளைப் பெற்றதாகக் கூறியிருக்கிறார். ஜே ஃபாரஸ்டர் எழுதிய 'அர்பன் டைனமிக்ஸ்' அந்நூல். விளையாட்டுக்காக எழுதப்பட்டதன்று அது. அமெரிக்க நகரங்களை எவ்வாறு ஆளவேண்டும் என்று மேயர்களுக்கும் அமைச்சர்களுக்கும் அறிவுரை சொல்ல எழுதப்பட்டது. அந்நூலிலும் இடிக்கப்பட்ட வீடுகளின் மக்கள் 'வேறு எங்கோ' போய்விடுகின்றனர். அந்த 'வேறு எங்கோ'வைத் தேடிப் போனபோது கிடைத்த வரலாற்றையே இங்கு எழுத முற்படுகிறோம்.

தமிழ் இலக்கியம் பயின்றவருக்கு இங்கே என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். அரிஸ்டாட்டிலின் கவிதையியலைப் பாடம் நடத்துகையில் 'போலச்செய்தல்' என்னும் சொல்லை மாணவருக்கு விளக்குவது நம் தொழில். மெய்யான நகரத்தைப் போல ஒரு நகரத்தைக் கணினிக்குள் செய்து, அதை இயக்கிப் பார்த்து, மெய்யான நகரத்துக்கு விதி எழுதுவது போலச்செய்தலின் மிகத் துணிச்சலான வடிவம் என்று நமக்குத் தோன்றுகிறது. நாடகத்தில் கொலையுண்டவன் திரை விழுந்ததும் எழுந்துவிடுவான். இங்கே அப்படியில்லை.

கணினிக்கு வெகு முன்பே நிலப்பயன்பாட்டுக்கு மாதிரி வகுத்தவர் ஒரு பண்ணையார். வட ஜெர்மனியின் மெக்லென்பர்க் பகுதியில், தெல்லோ என்னும் ஊரில் நிலம் வைத்திருந்த யோகன் ஹைன்ரிக் ஃபான் தூனன், 1826இல் 'தனித்த நாடு' என்று பொருள்படும் நூலின் முதற்பகுதியை வெளியிட்டார். ஆறில்லை, மலையில்லை, எங்கும் ஒரே வளமுள்ள சமவெளி. நடுவே ஒரே ஒரு நகரம். அந்நகருக்கு விளைபொருளைக் கொண்டுசெல்லும் வண்டிக்கூலி ஒன்றே நிலத்தின் பயனைத் தீர்மானித்தால் என்ன நிகழும் என்று கேட்டார். நகரை ஒட்டிப் பாலும் காய்கறியும், அடுத்த வளையத்தில் காடு, அதற்கப்பால் தானியம், கடைசியில் மேய்ச்சல் நிலம். காடு இத்தனை அருகில் வருவது இன்று நமக்கு வியப்பாக இருக்கும். விறகுதான் அன்றைய எரிபொருள், கனமானது, தொலைவிலிருந்து ஏற்றிவந்தால் கட்டுபடியாகாது. திணைப் பகுப்பில் நிலத்தின் இயல்பு வாழ்வைத் தீர்மானிக்கக் கண்ட நமக்கு, நிலத்தின் இயல்பையே துடைத்துவிட்டுத் தொலைவை மட்டும் வைத்துக்கொள்ளும் இந்தப் பார்வை அந்நியமானதுதான். ஆனால் தூனன் தம் சமவெளி கற்பனை என்பதை மறைக்கவில்லை. தம் பண்ணையின் கணக்கேடுகளோடு அதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் இருந்தது என்று சொல்வதற்கில்லை.

இனி ஒரு நூற்றாண்டைத் தாண்டி அமெரிக்காவுக்கு வருவோம். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அங்கே கார்கள் பெருகின, புறநகர்கள் பெருகின, நெரிசலும் பெருகியது. சாலைப் பொறியாளர்கள் அதுவரை சாலையில் ஓடும் வண்டிகளை எண்ணி, அதற்கேற்பச் சாலையை அகலப்படுத்தி வந்தனர். 1954இல் ராபர்ட் மிச்சல், செஸ்டர் ராப்கின் என்னும் இருவர் எழுதிய நூலொன்று, போக்குவரத்து என்பது நிலப்பயன்பாட்டின் விளைவு என்று தலைப்பிலேயே அறிவித்தது. வண்டிகள் தாமாக ஓடுவதில்லை. வீட்டிலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து கடைக்கும் மனிதர்கள் போகின்றனர். எந்த நிலத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் எந்தச் சாலையில் எத்தனை வண்டி ஓடும் என்று சொல்லிவிடலாம் என்பது அதன் சாரம். எளிய உண்மைதான். ஆனால் பல ஆயிரம் கோடி டாலர் அந்த உண்மையின் மீது கட்டப்பட்டது.

முதலில் டெட்ராய்ட்டிலும், 1955 முதல் சிகாகோவிலும் டக்ளஸ் கரோல் என்பவரின் தலைமையில் மாபெரும் ஆய்வுகள் நடந்தன. வீடு வீடாகச் சென்று, நேற்று நீங்கள் எங்கெங்கே போனீர்கள், எதற்காகப் போனீர்கள், எப்படிப் போனீர்கள் என்று கேட்டனர். விடைகள் துளையிட்ட அட்டைகளாயின. சிகாகோ ஆய்வுக்கென்றே கார்ட்டோகிராஃபட்ரான் என்னும் கருவி உருவாக்கப்பட்டது. ஒவ்வொரு பயணத்தையும் ஒரு சிறு ஒளிக்கோடாகத் தொலைக்காட்சிக் குழாய் போன்றதொரு திரையில் வரைந்து, அதைப் புகைப்படமாக எடுப்பது அதன் வேலை. அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. கறுப்புப் பின்னணியில் இலட்சக்கணக்கான மனிதர்களின் ஒரு நாள், மிசிகன் ஏரிக்கரையில் திரண்டு ஒளிரும் ஒரு நெபுலாவைப் போலத் தெரியும். அதில் தனியொருவரின் கோட்டைப் பிரித்தறிய இயலாது.

சிகாகோ ஆய்வு 1980ஆம் ஆண்டுக்கான நகரத்தை முன்னுரைத்தது. 1959 முதல் 1962 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்த அதன் அறிக்கை பிற நகரங்களுக்கு இலக்கணமாயிற்று. அந்த முறையின் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் எதிர்கால நிலப்பயன்பாடு மதிப்பிடப்படும். அது உறுதியானதாகக் கொள்ளப்படும். பிறகு அதிலிருந்து பயணங்கள் கணக்கிடப்படும். பயணங்களுக்கேற்பச் சாலைகள் வரையப்படும். சாலை வந்தால் நிலம் மாறுமே என்ற கேள்வி இந்த வரிசையில் எங்கும் திரும்பி வருவதில்லை. வயலின் நடுவே விரைவுச்சாலை வந்தால் அது வயலாகவே இருக்குமா? 1959இலேயே வால்டர் ஹான்சன் என்பவர், ஓரிடத்தை எளிதில் சென்றடையும் வாய்ப்பே அவ்விடத்தின் நிலப்பயன்பாட்டை வடிக்கிறது என்று கட்டுரை எழுதிவிட்டார். அறியாமையால் விடப்பட்ட கேள்வி என்று அதைச் சொல்ல முடியாது. கணக்கிடக் கடினமாக இருந்ததால் ஒதுக்கிவைக்கப்பட்டது என்பதே சரி. அந்தக் கேள்வி நாற்பது ஆண்டுகள் கழித்து அதே சிகாகோவில் நீதிமன்றம் ஏறியது. அதற்குப் பிறகு வருவோம்.

1962ஆம் ஆண்டின் கூட்டரசு நெடுஞ்சாலைச் சட்டம், 50,000 பேருக்கு மேல் வாழும் ஒவ்வொரு நகர்ப்பகுதியும் தொடர்ச்சியான, முழுமையான, கூட்டுறவான திட்டமிடலை மேற்கொண்டால்தான் சாலைக்குப் பணம் என்று விதித்தது. 1965 சூலை முதல் நாள் கெடு. ஒரே இரவில் நாடெங்கும் மாதிரி செய்வோருக்குக் கிராக்கி ஏற்பட்டது. பிலடெல்பியா வட்டாரத்தில் பென்-ஜெர்சி ஆய்வு என்ற பெயரில், நகரவாசிகள் அனைவரும் தத்தம் வருவாய்க்கேற்ற மிகச் சிறந்த வீட்டைத் தேர்வதாக எடுத்துக்கொண்டு கணக்கிட முயன்றனர். கோட்பாட்டளவில் அழகானது, அன்றைய கணினிகளுக்கும் அன்றிருந்த தரவுகளுக்கும் எட்டாதது.

எட்டியது வேறொன்று. பிட்ஸ்பர்க் வட்டாரப் பொருளாதார ஆய்வில் பணியாற்றிய ஐரா லௌரி, பின்னர் ராண்டு நிறுவனத்திலிருந்து 1964இல் 'மாநகரின் ஒரு மாதிரி' என்று பொருள்படும் சிறு அறிக்கையை வெளியிட்டார். இத்துறையில் இதைவிட நேர்த்தியான ஓர் எழுத்தை நாம் காணவில்லை. வட்டாரம் முழுவதையும் ஒரு மைல் சதுரக் கட்டங்களாகப் பிரித்தார். தொழில்களை இருவகையாகக் கொண்டார். எஃகு ஆலைபோல் வெளியூர்ச் சந்தைக்கு உற்பத்தி செய்வன ஒருவகை. அவை எங்கே இருக்கின்றன என்பது நாம் வெளியிலிருந்து கொடுக்கும் செய்தி. மளிகைக்கடை, பள்ளிக்கூடம், முடிதிருத்தகம் போன்று உள்ளூர் மக்களை நம்பியிருப்பவை மற்றொரு வகை. ஆலையில் வேலை செய்வோர் ஆலையிலிருந்து ஓரளவு தொலைவுக்குள் குடியேறுவர். அவர்களுக்குக் கடைகள் வேண்டும். கடைகளில் வேலை செய்ய ஆட்கள் வேண்டும். அவ்வாட்களுக்கும் வீடு வேண்டும். அவ்வீடுகளுக்கும் கடைகள் வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் சேர்வது குறைந்துகொண்டே வரும். கணக்கு ஒரு கட்டத்தில் அமைதியடையும். அப்போது ஒரு நகரம் உங்கள் முன் நிற்கும். சில சமன்பாடுகள், அவ்வளவுதான்.

எளிமையே இதன் வலிமை. இங்கிலாந்தில் ரெடிங்கிலும் கேம்பிரிட்ஜிலும் இதை எடுத்து வளர்த்தனர். மைக்கேல் பேட்டி லங்காஷயருக்குப் பொருத்திப் பார்த்தார். மார்சியல் எச்செனிகேயும் அவருடைய குழுவினரும் சாந்தியாகோ, காரகாஸ், சாவோ பாவ்லோ ஆகிய நகரங்களுக்குக் கொண்டுசென்றனர். இன்று நடைமுறையில் இருக்கும் மாதிரிகள் பலவற்றின் கொடிவழியைத் தேடினால் லௌரியிடம் வந்து சேரலாம்.

ஆனால் அந்த ஒரு மைல் கட்டங்கள் எவற்றை அறியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1950களின் பிற்பகுதியில் பிட்ஸ்பர்க் நகர மையத்தை ஒட்டியிருந்த லோயர் ஹில் என்னும் பகுதி, நகர்ப் புதுப்பித்தல் என்ற பெயரில் இடித்துத் தள்ளப்பட்டது. ஏறத்தாழ 8,000 பேர் வெளியேற்றப்பட்டனர். பெரும்பாலோர் கறுப்பின மக்கள். இசைக்கூடங்களும் தேவாலயங்களும் கடைகளும் இருந்த இடத்தில் திறந்து மூடும் கூரையுடைய ஒரு விளையாட்டரங்கம் 1961இல் எழுந்தது. லௌரியின் மாதிரியில் குடும்பம் என்பது வேலைக்குச் செல்லும் தொலைவைப் பொறுத்து எங்கு வேண்டுமானாலும் அமரும் ஓர் எண். ஹில் பகுதியிலிருந்து வெளியேறிய கறுப்பினக் குடும்பத்துக்கு எந்தத் தெருவில் வீடு வாடகைக்குக் கிடைக்கும், எந்தத் தெருவில் கதவு சாத்தப்படும் என்பது அந்தச் சமன்பாட்டில் இல்லை. இது லௌரியின் குற்றம் என்று சொல்வதற்கில்லை. தம் மாதிரி எவ்வளவு கச்சிதமானதோ அவ்வளவு குறுகியது என்பதை அவர் அறிந்தே இருந்தார். அவரை மேற்கோள் காட்டியவர்களில் எத்தனை பேர் அறிந்திருந்தனர் என்பதே கேள்வி.

இனி ஃபாரஸ்டர். கணினி வரலாற்றில் இவருக்குத் தனி இடம் உண்டு. காந்த வளைய நினைவகத்தை உருவாக்கியவர். அமெரிக்க வான்பாதுகாப்புக் கணினி அமைப்புக்கு அடித்தளமிட்ட வேர்ல்விண்ட் கணினியின் தலைவர். பின்னர் எம்.ஐ.டி.யில் மேலாண்மைத் துறைக்கு மாறி, ஆலைகளின் கையிருப்பும் உற்பத்தியும் ஏன் ஏறி இறங்குகின்றன என்பதைப் பின்னூட்டச் சுழல்களால் விளக்கினார். 1968இல் பாஸ்டனின் மேயர் பதவியிலிருந்து விலகிய ஜான் காலின்ஸ் அங்கே வருகைப் பேராசிரியராக வந்தார். அவருக்குக் கிடைத்த அறை ஃபாரஸ்டரின் அறைக்கு அடுத்தது. உரையாடல் பிறந்தது. மறு ஆண்டு நூலும் பிறந்தது. அறை ஒதுக்கீடு ஒரு நாட்டின் கொள்கை விவாதத்தைத் தொடும் என்று எந்த அலுவலக எழுத்தர் நினைத்திருப்பார்!

நூலின் நகரம் ஒரு வெற்று நிலத்தில் தொடங்கி 250 ஆண்டுகள் வளர்ந்து, முதிர்ந்து, தேங்குகிறது. தொழில் நிறுவனங்கள், வீடுகள், மக்கள் என மூன்று பிரிவுகள். மக்களிலும் மேலாளர், உழைப்பாளர், போதிய வேலையற்றோர் என மூன்று வகை. நிலத்தின் பரப்பு மாறாது. பழைய வீடுகள் ஏழைகளின் வீடுகளாகின்றன. அவை இடத்தை அடைத்துக்கொள்வதால் புதிய தொழிலுக்கு இடமில்லை. தொழில் இல்லாததால் வேலை இல்லை. இருந்தும் வீடு மலிவு என்பதால் ஏழைகள் மேலும் வருகின்றனர். ஆகவே குறைந்த வாடகை வீடுகளை அரசு கட்டினால் நகரம் மேலும் நலிவுறும் என்பது மாதிரி தந்த முடிவு. மாற்று என்ன? ஆண்டுதோறும் ஏழைகளின் வீடுகளில் 5 விழுக்காட்டை இடித்து, அந்நிலத்தில் புதிய நிறுவனங்களை ஊக்குவிக்க வேண்டும். அப்படிச் செய்தால் திரையில் வளைகோடுகள் மேலேறின.

இது மனத்துக்கு முரணாகத் தோன்றும், ஆனால் சிக்கலான அமைப்புகள் எப்போதும் மனத்துக்கு முரணாகவே இயங்கும் என்றார் ஃபாரஸ்டர். அந்த வாதத்தில் ஓர் உண்மை உண்டு. நல்லெண்ணத்தில் செய்தது தீங்காக முடிவதை நாமும் கண்டிருக்கிறோம். அதனால்தான் அது ஆபத்தான வாதமும்கூட. முரணாகத் தோன்றுவதே சரிக்குச் சான்று என்றாகிவிட்டால், மறுப்பவர் வாயடைத்துப் போவார்.

மாதிரியின் பிழை எங்கே என்று பலர் தேடினர். எண்கள் எந்த மெய்யான நகரத்திலிருந்தும் எடுக்கப்படவில்லை என்றனர் சிலர். நகரவியல் அறிஞர்கள் அதுவரை எழுதியவற்றை அவர் ஏறக்குறையப் புறக்கணித்திருந்தார் என்றனர் வேறு சிலர். நமக்கு முதன்மையாகப் படுவது வேறு. அந்த நகரத்துக்குப் புறநகர் இல்லை. நகர எல்லைக்கு வெளியே இருப்பதெல்லாம் 'எல்லையற்ற சூழல்'. மக்கள் அதிலிருந்து வருவர், அதற்குள் போவர். போனபின் கணக்கில் இரார். வீடு இடிக்கப்பட்டவர் வெளியே போய்விட்டால் நகரின் வேலையின்மை விழுக்காடு குறையும். குறையத்தான் செய்யும். வகுப்பில் தோற்ற மாணவரைப் பள்ளியைவிட்டு நீக்கிவிட்டுத் தேர்ச்சி விழுக்காடு உயர்ந்தது என்று பெருமைப்படும் நிர்வாகங்களை ஆசிரியத் தொழிலில் இருப்போர் அறிவர். ஒரு நகரத்துக்கு மட்டும் கணக்கிட்டால் விடை அது. சுற்றியுள்ள வட்டாரம் முழுமைக்கும் கணக்கிட்டால் அந்த ஏழை இன்னொரு ஊரின் எல்லைக்குள் ஏழையாகவே இருப்பார். வட்டாரத் திட்டமிடல் என்ற ஒன்று ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நமக்குக் கிட்டவில்லை. ஃபாரஸ்டர் அடுத்து உலகம் முழுவதற்கும் மாதிரி செய்தார். அதன் வழியில் 1972இல் வந்த 'வளர்ச்சியின் எல்லைகள்' நூல் தனிக் கதை. உலகத்துக்கு வெளிப்புறம் கிடையாது என்பதால் அங்கே அவருடைய முறை வேறு முடிவுகளைத் தந்தது என்பது ஒரு சுவையான முரண்.

சான் பிரான்சிஸ்கோவில் ஆர்தர் டி. லிட்டில் என்னும் ஆலோசனை நிறுவனம், நகரின் வீட்டுச் சந்தையைக் கணினியில் போலச்செய்து, எந்தப் புதுப்பித்தல் திட்டம் என்ன விளைவைத் தரும் என்று சொல்ல முயன்றது. பெரும் உழைப்பும் பொருளும் செலவாயின. நகர நிர்வாகம் முடிவெடுக்க அதைப் பயன்படுத்தவில்லை. அதே ஆண்டுகளில் அந்நகரின் வெஸ்டர்ன் அடிஷன் பகுதியில் கறுப்பின மக்களும் ஜப்பானிய வம்சாவளியினரும் வாழ்ந்த தெருக்கள் இடிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. இடிப்பதற்கு மாதிரி எதுவும் தேவைப்படவில்லை.

இவற்றையெல்லாம் தொகுத்துத் தீர்ப்பு வழங்கியவர் டக்ளஸ் லீ. 1973 மே மாதம் அமெரிக்கத் திட்டமிடுவோர் கழகத்தின் இதழில் 'பெருமாதிரிகளுக்கு இரங்கற்பா' என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். நம் மரபில் கையறுநிலை என்போம். ஆனால் பாடியவர் கண்ணில் நீர் இல்லை. பெருமாதிரிகளின் ஏழு பாவங்களை அவர் பட்டியலிட்டார். எல்லாவற்றையும் ஒரே மாதிரியில் அடக்க முயலும் பேராசை. அப்படி முயன்றும் முடிவெடுப்போருக்கு வேண்டிய நுண்மை கிட்டாத பருமை. தீராத தரவுப் பசி. சொல்வதொன்று, உள்ளே சமன்பாடு செய்வதொன்று என்ற கோணல். இன்னும் சிக்கல், எந்திரத்தனம், செலவு. அவர் வைத்த மாற்று வழி எளியது. ஒரு குறிப்பிட்ட கொள்கைச் சிக்கலிலிருந்து தொடங்கு. மிக எளிய மாதிரி செய். அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று எவரும் காணும்படி வை. இக்கட்டுரைக்குப் பிறகு இத்துறையே செத்துவிட்டது என்று பலர் எழுதினர். முழுவதும் உண்மையன்று. இங்கிலாந்திலும் தென்னமெரிக்காவிலும் வேலை நடந்துகொண்டே இருந்தது. அமெரிக்காவிலும் ஸ்டீஃபன் புட்மன் போன்றோர் லௌரி மரபை அமைதியாகப் பேணினர். நிதியும் மதிப்பும் போயின என்பது மட்டும் உண்மை.

மீட்சி சட்டத்தின் வழியாக வந்தது. 1990இன் தூய காற்றுச் சட்டத் திருத்தங்களும் 1991இன் போக்குவரத்துச் சட்டமும், புதிய சாலைகள் காற்று மாசுக்கு என்ன செய்யும் என்று வட்டார அமைப்புகள் கணக்குக் காட்ட வேண்டும் என்றன. அப்போது பழைய கேள்வி எழுந்து வந்தது: சாலை வந்தால் நிலம் மாறுமே?

சிகாகோவின் தென்மேற்கே வில் கவுன்டியில், ஐ-355 சுங்கச்சாலையைத் தெற்கே நீட்டுவதற்கான திட்டத்தின் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை, சாலை அமைத்தால் என்ன ஆகும், அமைக்காவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டையும் ஒப்பிட்டது. இரண்டுக்கும் அது பயன்படுத்திய எதிர்கால மக்கள்தொகை மதிப்பீடு ஒன்றே. அந்த மதிப்பீடோ சாலை அமைக்கப்படும் என்ற அனுமானத்தின்மேல் செய்யப்பட்டது. அதாவது சாலை இல்லாத எதிர்காலத்திலும், சாலை வந்ததால் குடியேறிய மக்கள் அங்கே வாழ்ந்தனர்! அத்தனை மக்களுக்குச் சாலை இல்லையென்றால் நெரிசல் தாங்காது. ஆகவே சாலை தேவை. சியர்ரா கிளப் முதலான அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 1997 சனவரியில் நீதிபதி சூசன் கான்லன், இந்த வட்டத் தருக்கத்தின்மேல் நிற்கும் அறிக்கை செல்லாது என்று தீர்ப்பளித்தார். கரோலின் குழுவினர் கணக்கிடக் கடினம் என்று 1950களில் ஒதுக்கிய அந்தப் பின்னோக்கிய அம்புக்குறியை, சமன்பாடு ஒன்றும் எழுதாத ஒரு நீதிபதி கட்டாயமாக்கினார். சாலை கைவிடப்பட்டதா என்றால், இல்லை. புதிய ஆய்வுகளுக்குப் பின் கட்டப்பட்டு 2007 நவம்பரில் திறக்கப்பட்டது. பத்தாண்டுத் தாமதம் என்பார் சிலர். அந்தப் பத்தாண்டுகளில் எதிர்காலம் ஒன்றல்ல, இரண்டு என்று எழுதிக்காட்ட அதிகாரிகள் பழகினர் என்போம் நாம்.

ஓரிகன் மாநிலத்தில் நடந்தது இன்னும் சுவையானது. போர்ட்லண்ட் நகரின் மேற்கே ஒரு புறவழிச்சாலை திட்டமிடப்பட்டபோது, 'ஓரிகனின் ஆயிரம் நண்பர்கள்' என்ற குடிமக்கள் அமைப்பு எதிர்ப்பு ஊர்வலத்தோடு நிற்காமல், தானே வல்லுநர்களை அமர்த்தி மாதிரிகளை இயக்கியது. தொடர்வண்டி நிலையங்களைச் சுற்றி வீடும் கடையும் வேலையும் நெருங்கி அமைந்தால், புறவழிச்சாலை இன்றியே போக்குவரத்து சமாளிக்கப்படும் என்று அதிகாரிகளின் மொழியிலேயே எடுத்துக்காட்டியது. அந்தச் சாலை கட்டப்படவில்லை. பால் வாடல் உருவாக்கிய அர்பன்சிம் மாதிரி முதலில் பொருத்திப் பார்க்கப்பட்டதும் அதே மாநிலத்தின் யூஜீன்-ஸ்பிரிங்ஃபீல்டு பகுதியில்தான். வாடலும் கணினி அறிஞர் ஆலன் போர்னிங்கும் அதன் மூலநிரலை எவரும் படிக்கும்படி திறந்து வைத்தனர். எவருடைய மதிப்பீடுகள் எந்தக் குறியீட்டில் ஒளிந்திருக்கின்றன என்று பொதுமக்கள் கேட்கும்படி அதை அமைப்பது எப்படி என்று தனியாக ஆராய்ந்தனர். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் லீ கேட்டது இதைத்தான். அவரும் 1994இல் அதே துறையின் இதழில் தம் கட்டுரையைத் திரும்பிப் பார்த்தார். மனம் பெரிதாக மாறிவிடவில்லை.

கட்டம் கட்டமாக நகரம் பரவுவதைக் காட்டும் வேறொரு மரபும் உண்டு. வால்டோ டோப்ளர் 1970இல் டெட்ராய்ட்டின் வளர்ச்சியைக் கணினித் திரைப்படமாக்கினார். 1990களில் கீத் கிளார்க் செய்த ஸ்லூத் மாதிரி, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் தொடங்கிப் பிறகு இந்திய நகரங்கள் உட்பட உலகெங்கும் சென்றது. சரிவு, சாலை, விலக்கப்பட்ட நிலம், ஏற்கெனவே கட்டப்பட்ட நிலம் ஆகியவற்றை வைத்து, பக்கத்துக் கட்டம் நகரமானால் இந்தக் கட்டமும் நகரமாகும் வாய்ப்பு எவ்வளவு என்று அது கேட்கும். செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியபின் ஆய்வேடு எழுதும் மாணவர்களுக்கு இது வரப்பிரசாதமாயிற்று. வண்ணப் படங்கள் அழகாக வரும். அந்தக் கட்டத்து நிலம் யாருடையது, விற்றவர் விரும்பி விற்றாரா என்பதைச் சரிவும் சாலையும் சொல்லா.

லௌரியின் மாதிரியில் எஃகு ஆலைகள் வெளியிலிருந்து கொடுக்கப்பட்டவை என்றோம். அவை ஏன் அங்கே இருக்கின்றன, எவ்வளவு காலம் இருக்கும் என்று மாதிரி கேட்காது. மற்றவை அனைத்தும் அவற்றைச் சுற்றி அமையும். 1950இல் பிட்ஸ்பர்க் நகரில் ஏறத்தாழ 6,77,000 பேர் இருந்தனர். 1990இல் ஏறத்தாழ 3,70,000 பேர். மொனொங்கஹீலா ஆற்றங்கரையில், 1892இன் புகழ்பெற்ற வேலைநிறுத்தம் நடந்த ஹோம்ஸ்டெட் ஆலை 1986இல் மூடப்பட்டது. 1999இல் அந்த நிலத்தில் வாட்டர்ஃபிரண்ட் என்ற பெயரில் ஒரு வணிக வளாகம் திறக்கப்பட்டது. ஆலையின் புகைபோக்கிகளில் பன்னிரண்டை மட்டும் இடிக்காமல் விட்டிருக்கின்றனர். கடைகளுக்கு வருவோர் அவற்றுக்கு அருகே காரை நிறுத்திவிட்டு உள்ளே போகின்றனர்.